மனச்சோர்வு பூரணமாகக் குணமாகுமா?

மனச்சோர்வு என்னும் வியாதி ஒருவரைப் பிடித்தபின், அது அடியோடு நீங்கி அவர் பழைய மனிதராக ஆவது சாத்தியமா? இக்கேள்வி நமக்கு அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பெயரில்லாமலும், "தயவு செய்து பிரசுரிக்க வேண்டாம்" என்ற வேண்டுகோளுடனும் வருகிறது. பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனார் ஒருவர் கேட்கிறார். இரண்டு வருஷங்களுக்கு முன் பெண் சில மாத காலம் சிகிச்சை பெற்றாளாம். இப்பொழுது சௌக்கியமாக உத்தியோகம் பார்க்கிறாளாம். பிள்ளை வீட்டாரிடம் 'பூரண குணம்' என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லலாமா என்பது அவருடைய கவலை. வேறொருவர் தம்மைப் பற்றியே கேட்கிறார். அவருக்குப் பிறரிடம் சொல்லவேண்டிய பொறுப்பு ஒன்றுமில்லை. இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, "இது என்றைக்காவது விடுமா?" என்று கேட்கிறார்.

இருவரும் ஒரே சொல்லைத்தான் உபயோகிக்கிறார்கள். ஆயினும் கேள்விகள் இரண்டு. தகப்பனார் கேட்பது, 'இனி ஒருநாளும் வராது என்பதற்கு ஜாமீன் உண்டா?' என்பது. மற்றவர் கேட்பது, 'இப்பொழுதுள்ள இந்த நிலை முற்றும் மாறுமா?' என்பது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே, வியாதியஸ்தர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வீணாக நம்பிக்கை இழக்கிறார்கள். நிலை முற்றும் மாறுமா என்றால், மாறும். மாறிய மனிதர்கள் ஏராளம். இனி ஒருநாளும் வராதா என்றால், பலருக்கு வருவதில்லை, சிலருக்கு வருகிறது, இன்னாருக்கு வராது என்று முன்கூட்டி ஜாமீன் எழுதிக் கொடுப்பார் யாருமில்லை. நிமோனியாச் சுரம் வந்து பிழைத்தவனுக்கும் அப்படி ஜாமீன் எழுதித் தருவார் இல்லை. ஆனால் அவனை 'பூரண குணமடைந்தவன்' என்று சொல்ல நாம் தயங்குவதில்லை.

துக்கம் வேறு, இவ்வியாதி வேறு என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுவோம். வேண்டியவர் இறந்தால் அழுகிறோம். நஷ்டம் வந்தால் இடிந்துபோகிறோம். அது இயற்கை. மனச்சோர்வு என்று வைத்தியர்கள் சொல்லுவது, குறைந்தது இரண்டு வாரங்களாவது, நாளின் பெரும்பகுதி, மனம் இருண்டு கிடப்பதை, அல்லது எதிலும் பற்றில்லாமற் போவதை. அத்துடன் தூக்கம் கெடும். பசி குறையும், சிலருக்கு மிகும். உடம்பில் காரணமில்லாத அசதி. செய்யாத குற்றத்துக்கெல்லாம் தன்னையே நொந்துகொள்ளுதல். உயிர் வாழ்வதே பாரம் என்ற எண்ணம். தைராய்டு சுரப்பி மந்தமானாலும், இரத்தம் குறைந்தாலும் இதே சாயல் காணப்படுவதுண்டு. ஆகையால் முதலில் உடம்பைப் பரிசோதிப்பது நல்ல வைத்தியரின் முறை.

இவ்வியாதியின் லட்சணங்களில் மிகவும் கொடியது ஒன்று உண்டு. 'எனக்குக் குணமாகாது' என்ற உறுதி, வியாதியைப் பற்றிய அபிப்பிராயமல்ல. வியாதியின் ஒரு பாகமே அது. சுரத்தில் உடம்பு கொதிப்பது எப்படியோ, மனச்சோர்வில் நம்பிக்கை வற்றுவது அப்படி. நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். வழக்கின் முடிவில் சொந்த லாபமுள்ள சாட்சி சொல்லுவதை நீதிபதி மிகுந்த எச்சரிக்கையுடன் சீர்தூக்கிப் பார்ப்பார். 'இது ஒருநாளும் தீராது' என்று உள்ளேயிருந்து சாட்சி சொல்லுவது யார்? வியாதிதான். அந்தச் சாட்சியை நம்பி எத்தனை பேர் மேல் விசாரணையே வேண்டாமென்று வழக்கை முடித்துக்கொள்ளுகிறார்கள்!

சரித்திரத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாக விளங்கிய ஆப்ரகாம் லிங்கனை அறியாத வாசகர் இரார். ஆனால் 1841ஆம் வருஷத்து லிங்கனைப் பலர் அறியார். அப்பொழுது அவருக்கு முப்பத்தொரு வயது. இல்லினாய்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் வக்கீல். மாகாணச் சட்டசபையில் அங்கத்தினர். மேரி டாட் என்னும் பெண்ணுடன் நிச்சயமாயிருந்த விவாகம் அவ்வருஷத் தொடக்கத்தில் முறிந்தது. லிங்கன் படுத்துவிட்டார். சட்டசபைக்குச் சரியாகப் போகவில்லை. அவரைத் தனியே விட நண்பர்கள் அஞ்சினார்கள். ஆறு வருஷங்களுக்கு முன், 1835இல், ஆன் ரட்லெட்ஜ் என்னும் பெண் இறந்தபொழுதும் அவர் இப்படி நிலைகுலைந்ததை ஊரார் பார்த்திருந்தார்கள்.

அந்த ஜனவரி மாதம் 23ஆம் தேதி, வாஷிங்டனிலிருந்த தமது வக்கீல் கூட்டாளி ஜான் ஸ்டூவர்ட்டுக்கு லிங்கன் ஒரு கடிதம் எழுதினார். உயிரோடிருப்பவர்களில் தம்மைவிடத் துக்கப்படுகிறவன் யாருமில்லை என்றும், தாம் படுவதை மனித குலம் முழுவதற்கும் பங்கிட்டால் உலகத்தில் மலர்ந்த முகம் ஒன்றுகூட மிஞ்சாது என்றும் அதில் சொன்னார். இனித் தமக்குக் குணமாகுமா என்பதைத் தம்மால் சொல்ல முடியவில்லை, ஆகாது என்றே பயப்படுகிறேன் என்றும் எழுதினார். இன்று நமக்கு எழுதும் அன்பர்கள் கேட்பதும் அதுவே; அவர்கள் உள்ளம் சொல்லும் பதிலும் அதுவே.

அவர் பயந்தபடி நடக்கவில்லை. அவ்வருஷக் கோடையின் முடிவில், லூயிவில் நகருக்கு அருகே பார்மிங்டன் என்ற இடத்திலிருந்த தமது நண்பர் ஜோஷுவா ஸ்பீடின் குடும்பத்தாரிடம் சென்று சில வாரங்கள் தங்கினார். அந்தக் குடும்பத்தார் அவரை அன்பாகப் பார்த்துக்கொண்டனர். திரும்பிவந்து தொழிலைக் கவனித்தார். 1842 தொடக்கத்தில் ஸ்பீடுக்குத் தமது விவாகத்தைப் பற்றி இதே மாதிரி கலக்கம் ஏற்பட்டபொழுது, தைரியம் சொல்லிக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினவர் லிங்கன்தான். அவ்வருஷம் நவம்பரில் மேரி டாட்டையே மணந்துகொண்டார். பிறகு நடந்ததை உலகம் அறியும்.

நாம் சொல்ல வந்தது இருபத்தொரு வருஷங்களுக்குப் பின் அவர் எழுதிய வேறொரு கடிதம். 1862 டிசம்பர் மாதம். உள்நாட்டு யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இல்லினாய்ஸில் கோர்ட்டு குமாஸ்தாவாயிருந்து, வக்கீல் லிங்கனுக்குப் பழக்கமான மக்கல்லோ என்பவர் போரில் மாண்டார். அவர் மகள் பானி உண்ணாமல் உறங்காமல் ஓர் அறைக்குள் அடைந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. ஜனாதிபதி தம் கைப்பட அவளுக்கு எழுதினார். இனி ஒருநாள் மனம் தேறும் என்பதை இப்பொழுது உன்னால் நினைக்கவும் முடியாது. ஆனால் அந்த எண்ணம் தவறு. நீ மறுபடியும் நிச்சயம் சந்தோஷமாக இருப்பாய். இதை அனுபவத்தால் அறிந்தே சொல்லுகிறேன் என்பது அக்கடிதத்தின் சாரம். பானியினுடையது பிரிவுத் துயரம். வியாதியென்று நாம் சொல்லவில்லை. ஆயினும், துயரத்தின் நடுவில் இருப்பவர் அதன் முடிவைக் காணமுடியாது என்பதை 1841ஆம் வருஷத்து லிங்கனைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அப்படியானால் லிங்கன் பூரணமாகக் குணமடைந்தாரா? கண்டிப்பான வாசகர்கள் இங்கே நம்மைக் குறுக்கு விசாரணை செய்யலாம். அவருடன் பல வருஷம் வக்கீல் தொழில் செய்த ஹெர்ண்டன், அவர் நடக்கும்பொழுதே சோகம் அவரிடமிருந்து சொட்டும் என்று எழுதியிருக்கிறார். வாஸ்தவமே. அவர் சுபாவத்தில் ஒரு சோகம் கடைசிவரை இருந்தது. ஆனால் படுக்கையில் தள்ளிச் சட்டசபைக்குப் போகவிடாமற் செய்த வியாதி வேறு, சுபாவம் வேறு. வியாதி நீங்கினால் சுபாவமும் மாறி, ஓயாமல் சிரித்துக்கொண்டிருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள், ஒருபொழுதும் எவரையும் 'குணமடைந்தார்' என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

லிங்கன் காலத்தில் இதற்கு உருப்படியான மருந்து ஒன்றும் கிடையாது. இக்காலத்து மருந்துகளில் முதலாவது வந்த விதம் விசித்திரமானது. 1952இல் நியூயார்க் நகரத்து ஸீ வியூ ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாஸிட் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள் உற்சாகமடைந்ததைக் கண்டு வைத்தியர்கள் ஆச்சரியப்பட்டார்கள். 1957இல் ரோலண்ட் கூன் என்ற சுவிட்ஸர்லாந்து வைத்தியர், இமிப்ரமின் என்ற மற்றொரு மருந்து மனச்சோர்வைப் போக்குவதாக வெளியிட்டார். அடுத்த பத்தாண்டில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க வைத்தியர், தவறாக ஓடும் எண்ணங்களை வியாதியஸ்தரே பரிசீலித்துத் திருத்திக்கொள்ளும் பேச்சுச் சிகிச்சையை வகுத்தார். இன்று இவ்விரு வழிகளும், கடுமையான நிலைமையில் மின்சாரச் சிகிச்சையும், கைக்கு எட்டிய சாதனங்கள்.

குணம் என்றால் என்ன என்பதையும் வைத்தியர்கள் சட்டத்தின் பாஷையைப்போல் வரையறுத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் திருப்தி தருகிறது. 1991இல் நிபுணர்கள் கூடி ஐந்து நிலைகளைப் பிரித்தார்கள்: மருந்துக்கு இசைதல், அடையாளங்கள் தணிதல், அத்தணிவு நிலைத்துக் குணமாதல், குணமாகுமுன் பழைய தாக்குதலே திரும்புதல், குணமான பின் புதிதாக மறுபடி வருதல். பாதி குறைந்தால் 'இசைந்தது' என்றுதான் சொல்லலாம். அடையாளங்கள் ஏறக்குறைய இல்லாமற் போனால்தான் 'தணிந்தது'. அது மாதக்கணக்கில் நிலைத்தால்தான் 'குணம்'. நம்மவர்கள் முதல் படியிலேயே கடைசிப் படியை எட்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளுகிறார்கள்.

எத்தனை பேர் குணமடைகிறார்கள் என்பதில் அபிப்பிராயபேதம் உண்டு. அதை மறைப்பது முறையல்ல. அமெரிக்காவில் 2001இல் தொடங்கி 4,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய 'ஸ்டார்-டி' என்ற ஆராய்ச்சியில், முதல் மருந்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடையாளங்கள் தணிந்தன. ஒன்று பலிக்காதவர்களுக்கு அடுத்தது, அதுவும் பலிக்காதவர்களுக்கு மற்றொன்று என்று நான்கு படிகள் வரை முயன்றால் நூற்றுக்கு 67 பேருக்குத் தணியும் என்று 2006இல் கணக்கிட்டார்கள். நடுவில் விலகியவர்களும் தொடர்ந்திருந்தால் இதேபோல் தணிந்திருக்கும் என்ற அனுமானம் அதில் கலந்திருந்தது. 2023இல் வேறு சிலர் அதே தஸ்தாவேஜுகளை எடுத்து, ஆதி நிபந்தனைகளின்படி கண்டிப்பாகக் கணக்கிட்டு, நூற்றுக்கு 35 பேர் என்றுதான் வருகிறது என்றார்கள். மருந்து விற்போரின் ஆரவாரத்துக்கு இது நல்ல பாடம். ஆனால் ஒரு மருந்து பலிக்கவில்லையென்றால் 'நமக்கு வழியில்லை' என்று முடிவு கட்டுவதற்கு எந்தக் கணக்கும் இடங்கொடுக்கவில்லை. இரண்டாவது படியில் குணமானவர்கள் எல்லோரும் முதற் படியில் தோற்றவர்களே.

தகப்பனாரின் கேள்விக்கு நேரான பதில் வேறோர் ஆராய்ச்சியில் இருக்கிறது. பால்டிமோர் நகரத்து ஜனங்களை 1981 முதல் இருபத்துமூன்று வருஷ காலம் தொடர்ந்து விசாரித்து வந்தார்கள். அக்காலத்துக்குள் முதன்முதலாக மனச்சோர்வு கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது நீங்கியது, பின்பு வரவேயில்லை. நூற்றுக்கு 35 பேருக்கு விட்டுவிட்டு வந்தது. 15 பேருக்கு நீங்காமல் நீடித்தது. 92 பேரை வைத்துச் செய்த கணக்கு, தொகை சிறிதுதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மாத்திரம் எண்ணாமல், வீடு வீடாகச் சென்று விசாரித்த கணக்கு என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். ஆஸ்பத்திரி வைத்தியர் கண்ணில் படுபவர்கள் திரும்பத் திரும்ப வருகிறவர்கள். ஒரு தடவை வந்து குணமாகி, பிள்ளை குட்டிகளுடன் வாழ்கிறவன் அவரிடம் ஏன் போகிறான்? 'இது போகாத வியாதி' என்ற எண்ணம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நாம் நினைக்கிறோம்.

இனி, நம் நாட்டில் அன்றாடம் நடக்கும் ஒரு தவற்றைச் சொல்லாமல் விடமுடியாது. மாத்திரை தொடங்கி மூன்று நான்கு வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு தூக்கம் வரும், சாப்பாடு பிடிக்கும். உடனே வீட்டில் ஒரு பெரியவர், "இத்தனை மாத்திரை எதற்கு? உடம்பு கெட்டுப்போகும், நிறுத்திவிடு" என்பார். இரண்டாம் மாதத்தில் நிறுத்துவார்கள். ஐந்தாம் மாதத்தில் பழையபடி படுக்கை. "பார்த்தாயா, மருந்து பிரயோசனமில்லை" என்பார் அதே பெரியவர். குடித்தனத்தில் பாதி அணைத்த அடுப்பை விட்டுவிட்டு யாரும் வெளியூர் போவதில்லை; இங்கே மாத்திரம் போகிறார்கள். பாதிக் குணத்தின் அபாயத்தை 1995இல் கேம்பிரிட்ஜில் பேக்கல் என்பவரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். மிச்ச அடையாளங்களுடன் நின்றுவிட்டவர்களில் நூற்றுக்கு 76 பேருக்கு வியாதி திரும்பியது. மிச்சமின்றித் தணிந்தவர்களில் 25 பேருக்குத்தான் திரும்பியது. ஆகவே 'பூரணம்' என்பது ஆடம்பரமான ஆசையல்ல. பூரணமாகும்வரை சிகிச்சையை விடாமல் நடத்துவதுதான், மறுபடி வராமலிருக்கச் செய்யக்கூடிய ஏற்பாடுகளில் தலையாயது. அடையாளங்கள் அடங்கிய பின்னும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை மருந்தைத் தொடரவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை.

அதற்காக ஆயுள் முழுவதும் எல்லோரும் மாத்திரை விழுங்கவேண்டும் என்று சொல்ல நாம் வரவில்லை. நெடுநாளாக மருந்து சாப்பிட்டு நன்றாயிருந்த 478 பேரை வைத்து இங்கிலாந்தில் செய்த பரீட்சையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. சிறிது சிறிதாக மருந்தைக் குறைத்து நிறுத்தியவர்களில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு 56 பேருக்கு வியாதி திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 பேருக்குத் திரும்பியது. மருந்துக்குப் பயனுண்டு என்பதும், மருந்து மாத்திரம் கோட்டையல்ல என்பதும், நிறுத்தியும் சுகமாயிருந்தவர் நூற்றுக்கு 44 பேர் என்பதும் இந்த ஒரே கணக்கில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் எப்பொழுது, எவ்வளவு மெதுவாக நிறுத்துவது என்பதைத் தமக்குத் தாமே தீர்மானிக்காமல் வைத்தியருடன் கலந்து முடிவு செய்யவேண்டும். பலமுறை வந்தவர்களுக்கு வேறொரு துணையும் உண்டு. மூன்றோ அதற்கு மேலோ தடவை வந்தவர்களுக்கு, மூச்சையும் எண்ணங்களையும் விலகி நின்று கவனிக்கும் பயிற்சியை எட்டு வாரம் கற்பித்துப் பார்த்ததில், மறுபடி வருவது நூற்றுக்கு 66லிருந்து 37ஆகக் குறைந்தது என்று 2000இல் டீஸ்டேல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் தெரிவித்தார்கள். இந்தியர்களாகிய நமக்கு இப்பயிற்சி முற்றும் புதிதல்ல. ஆங்கிலப் பெயருடன் திரும்பி வந்தபின் மரியாதை கொடுக்கிறோம்!

நம் நாட்டின் நிலைமையோ வேறு. 'பூரண குணமா, அரைக் குணமா' என்று தர்க்கம் செய்வதற்குள்ள பாக்கியங்கூட நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16இல், தமிழ்நாடு உட்பட 12 ராஜ்யங்களில் நடத்திய விசாரணையில், கடும் மனச்சோர்வுடையவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டார்கள். இதற்கு வைத்தியர்கள் போதாது என்று கைவிரிப்பது வழக்கம். அக்காரணம் செல்லாது என்பதைக் கோவா நிரூபித்திருக்கிறது. டாக்டர் விக்ரம் பட்டேலும் அவருடைய சகாக்களும் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், வைத்தியப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வுள்ளவர்களிடம் ஆறு முதல் எட்டுத் தடவை வரை முறையாகப் பேசச் செய்தார்கள். விட்டுப்போன காரியங்களை ஒவ்வொன்றாக மறுபடி செய்யத் தூண்டுவதே அப்பேச்சின் நோக்கம்: கோவிலுக்குப் போவது, அண்டை வீட்டாரைப் பார்ப்பது, தோட்டத்தைக் கவனிப்பது போன்றவை. மூன்று மாதத்தில் அவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு அடையாளங்கள் தணிந்தன. வழக்கமான கவனிப்பு மாத்திரம் பெற்றவர்களில் 39 பேருக்கே தணிந்தன. முடிவுகள் 'லான்ஸெட்' வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்துள்ளன. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபொழுதும் அந்நன்மை நிலைத்திருந்தது.

சட்டம் இவ்விஷயத்தில் சமூகத்தைவிட முன்னே போயிருக்கிறது என்று சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். மனநோய் என்ற ஒரு காரணத்தைக்கொண்டே விவாகத்தை ரத்துசெய்ய முடியாது, கூடி வாழ முடியாத அளவுக்கு அது கடுமையானதென்று நிரூபிக்கவேண்டும் என்று 1988இலேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2017ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் என்று வைத்தியர் கண்டதனால் மாத்திரம் அவர் சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் வசதி செய்யவேண்டும் என்று விதிக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது, அவருக்குச் சிகிச்சை கொடுப்பது சர்க்காரின் கடமை என்கிறது.

ஆகையால் பெண்ணைப் பெற்ற தகப்பனாருக்கு நமது யோசனை இது. நடந்ததை மறைக்கவேண்டாம், எதிர்காலத்துக்கு ஜாமீனும் எழுதவேண்டாம். "வியாதி வந்தது, சிகிச்சை செய்தோம், நீங்கியது, இரண்டு வருஷமாக நன்றாயிருக்கிறாள்" என்று உள்ளதைச் சொல்லுவதற்குப் பெண்ணின் சம்மதம் பெற்றுச் சொல்லட்டும். அதைக் கேட்டு எழுந்து போகும் சம்பந்திகள், நாளைக்கு அவளுக்கு டைபாய்டு வந்தாலும் எழுந்து போகிறவர்களே. இரவில் விழித்திருக்கும் அன்பர், இப்பொழுது தம் மனம் சொல்லும் தீர்ப்பைத் தற்காலிகமாக ஒத்திவைக்கட்டும். அவருக்கு வைத்தியரைப் பார்க்கச் சங்கோசமாயிருந்தால், இந்திய சர்க்கார் 2022 அக்டோபரில் ஏற்படுத்திய 'டெலி மானஸ்' நிலையத்தை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. புளுவாக்ஸெட்டின், எஸிடலோபிராம் போன்ற மருந்துகள் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது போதாது. கிராமத்துச் சுகாதார நிலையத்தின் அலமாரியில் வருஷம் முழுவதும் இருக்கவேண்டும். கோவாவில் செய்ததுபோல், நிலையம் ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவரை நியமிப்பதற்கு ஆகும் செலவை, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சுகாதார மந்திரி தனி இனமாகக் காட்டவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.